அவளிடம் மட்டும் கிளம்பாத வண்டி

எங்கள் தெருவில் கரண்ட் போனால் அக்கா வாசலுக்கு வந்து வருத்தம் தெரிவிப்பாள்.

"நான்தான் கிரைண்டரைப் போட்டேன். போட்டதும் போயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டிருக்கலாம்."

எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார். "ஒரத்தநாடு பூரா இல்லியாம்மா. லைன்ல வேலை பாக்குறாங்களாம். நீ உள்ள போ." அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே வருவாள். ஆனால் நம்பியிருக்க மாட்டாள். கரண்ட் திரும்பும்வரை கிரைண்டர் பக்கமே போகாமல், கட்டிப்போட்ட கடிநாயைத் தாண்டுகிற மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நடப்பாள்.

அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. குள்ளமான, ஒல்லியான உருவம். அடுப்படி மேல்தட்டில் இருக்கிற டப்பாவை எடுக்க எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவாள். கூப்பிடும்போதே "ஒன்னைத் தொந்தரவு பண்றேன் புள்ள" என்று ஆரம்பிப்பாள்.

ஒருமுறை குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனோம். அந்தக் கோயிலில் எங்கள் மாமியாருக்கு ஒரு வேண்டுதல் இருந்து, அதை நிறைவேற்றாமலே அவர் காலமாகிவிட்டார். அதற்காகப் போன பயணம். வழியில் வேனின் டயர் வெடித்தது. ஓட்டுநர் ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா அவர் பக்கத்தில் போய் நின்று, "நான் டீக்கு நிறுத்தச் சொல்லாம இருந்திருந்தா இந்த ஆணி இருக்குற இடத்துக்கு நாம வேற நேரத்துல வந்திருப்போம்" என்றாள். அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். எந்த நேரத்தில் வந்தாலும் ஆணி அங்கேதானே கிடந்திருக்கும் என்று அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பசு ஈன்ற கன்று உயிரில்லாமல் விழுந்தபோதும் அப்படித்தான். கன்று வயிற்றுக்குள்ளேயே திரும்பிக் கிடந்திருக்கிறது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அவர் கையைக் கழுவுவதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அக்கா கேட்டாள். "போன வாரம் வெயில்ல கொஞ்சம் அதிகமா கட்டிட்டேன் சார். அதுனாலயா?"

ஒரு வீட்டில் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் தயாராக இருந்தால், மற்றவர்களுக்கு அது எவ்வளவு சௌகரியம் என்பது அந்த வீட்டுக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமனாருடைய மூக்குக்கண்ணாடி காணாமல் போனால் "நீ எங்கயாவது எடுத்து வச்சியா?" என்று அவளிடம் கேட்பார். "வச்சிருப்பேன் மாமா" என்பாள். கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவள் கொடுத்தாள், நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

டிராக்டர் அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் வந்தது.

சின்ன டிராக்டர். அக்காவின் கணவர், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், யாரிடமோ பழையதாக வாங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான். எங்கள் நிலம் சின்னச் சின்ன வயல்களாக வாய்க்காலை ஒட்டிக் கிடந்தது. பெரிய வண்டி உள்ளே திரும்பாது. இது திரும்பும். அவர் ஒரு பருவம் முழுக்க ஓட்டினார். அப்புறம் குவைத்தில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். என் கணவர் மினி பஸ் ஓட்டுகிறவர், விடிந்தால் போய் அடைந்தால் வருவார். மாமனாருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆகவே பெரியத்தான் கிளம்பும் முன் அக்காவுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். நடுத்தெருவில், சனம் எல்லாம் பார்க்க, அவள் அந்த வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, காலை எட்டி எட்டி வைத்து ஓட்டினாள். இறங்கியதும் முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் விமானம் ஏறிய பிறகு வண்டி சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது.

வீட்டு வாசலில் கிளம்பும். வயலுக்குப் போய், வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. கரகரவென்ற சத்தம் கிடையாது, டிக்கென்ற சத்தம்கூடக் கிடையாது. முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அவள் ஆளைக் கூப்பிட்டு விடுவாள். யாராவது ஒரு ஆண்பிள்ளை வந்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். உடனே கிளம்பும். "நல்லாத்தான இருக்கு? சாவியச் சரியாத் திருப்பும்மா" என்று சொல்லிவிட்டு இறங்குவார்.

"என் கைதான் சரியில்ல போலருக்கு" என்பாள் அக்கா.

ஒரத்தநாட்டிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தோம். கல்யாணமாகாத தம்பி, நல்ல உயரம், வேலையில் சுத்தம். பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, கிரீஸ் தடவினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், கிளம்பியது. மறுவாரம் வயலில் மறுபடியும் நின்றது. வந்து எர்த் வயரை மாற்றினார். கிளம்பியது. மறுபடியும் நின்றது. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், உள்ளே கார்பனை மாற்றிக் கொண்டுவந்து மாட்டினார். சாவியைத் திருப்பினார், முதல் திருப்பிலேயே கிளம்பியது. போகும்போது மாமனாரிடம் மெல்லிய குரலில், "வண்டில ஒரு குறையும் இல்லங்கய்யா" என்றார். அந்த மெல்லிய குரலை அக்கா கேட்டுவிட்டாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் காது மடல் சிவந்து போனது.

அதற்கப்புறம் அவள் வயலில் எஞ்சினை அணைப்பதை நிறுத்திவிட்டாள்.

காலையில் வாசலில் கிளப்பினால் வேலை முடிந்து வாசலுக்குத் திரும்பும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். சோறு கொண்டுபோனால் ஒரு கையில் தூக்குச்சட்டியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டே தின்பாள். நான் ஏதாவது பேசினால் பாதி காதில் விழாது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கவளத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். குவைத்திலிருந்து போன் வந்தால் வண்டியை விட்டுத் தள்ளிப் போகாமல், காதைப் பொத்திக்கொண்டு கத்திப் பேசுவாள். "என்ன எப்பப் பாத்தாலும் வண்டி சத்தம்?" என்று அவர் கேட்பார். "ஓட்டிக்கிட்டிருக்கேன்ல" என்பாள். நின்றுகொண்டிருக்கிற வண்டியின் பக்கத்தில் நின்றுதான் அப்படிச் சொல்வாள்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் முறை வைத்து விட்டார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற நாட்களில் வயலைத் தண்ணீரோடு உழுது சேறடித்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அடுத்த முறை வரும்வரை நாற்று காத்திருக்காது, முத்திப்போகும். எங்கள் நாற்றங்கால் நன்றாக வந்திருந்தது. அக்கா காலையில் எழுந்ததும் முதலில் அதைப் போய்ப் பார்ப்பாள். வந்து, "தண்ணி நிக்கிறதுக்குள்ள மூணாவது வயல முடிச்சுரணும்" என்று என்னிடம் சொல்வதுபோல் தனக்குச் சொல்லிக்கொள்வாள். சாப்பாடு இறங்காது. பேச்சுக்கு நடுவே வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாவி திருப்புவதுபோல் தானாகத் திரும்பும். அவளுக்கே அது தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் பெரிய டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, உதவிதான். வண்டிக்குப் பக்கவாட்டில், சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டார் தலையில் இருக்கிற இரண்டு முனைகளையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டால் போதும். சாவி, ஸ்விட்ச் எதுவும் வேண்டாம். பொறி பறக்கும், எஞ்சின் கிளம்பிவிடும். "நாங்கெல்லாம் இப்படித்தாங்க போடுறோம்" என்றார்.

அக்காவுக்குப் பொறி பயம். முதல் தடவை தொட்டபோது ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டாள். அப்புறம் பழகிக்கொண்டாள். இடுப்பில் செருகி வைத்துக்கொள்வாள். அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வர ஆரம்பித்ததும் அப்போதுதான்.

நான் மதியச் சாப்பாடு எடுத்துப் போன ஒரு நாள். மூன்றாவது வயலில் பாதி சேறடித்தாகிவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் இரண்டாவது வயலில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகை எங்களுக்குக் காட்டிக் குனிந்திருந்தார்கள். ஆழமான ஒரு இடத்தில் வண்டி அழுந்தி, எஞ்சின் திணறி, அணைந்துபோனது. திடீரென்று அவ்வளவு அமைதி. நட்டுக்கொண்டிருந்தவர்களின் பேச்சு தெளிவாகக் கேட்டது, யாருடைய மகளுக்கோ மாப்பிள்ளை பார்த்த கதை.

அக்கா ஏறி உட்கார்ந்தபடியே சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இறங்கினாள். இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நான் வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தேன்.

கியரில் இருக்கும்போதே வண்டி அணைந்திருக்கிறது. அவள் கியரை எடுக்கவில்லை.

பொறி தெரிந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நிற்காமல் அப்படியே முன்னால் பாய்ந்தது. சேற்றுக்கென்று மாட்டியிருந்த இரும்புச் சக்கரம் அவள் தோளை இடித்துத் தள்ளியதில் சேற்றில் மல்லாக்க விழுந்தாள். உலர்ந்த தரையாக இருந்திருந்தால் அந்தச் சக்கரத்துக்கு அடியில்தான் போயிருப்பாள். சேறு வழுக்கி அவளை வெளியே தள்ளியது. ஆளில்லாத வண்டி, ஸ்டியரிங் லேசாக ஆட, வரப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வேகம் ஒன்றுமில்லை, ஒரு ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் அந்தச் சேற்றில் ஆள் ஓட முடியாது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கையில் கட்டாகப் பிடித்திருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவரால் மட்டும் ஓட முடியவில்லை. அவர்களில் வயதில் மூத்தவர், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். திரும்பியவரால் சேற்றிலிருந்து காலை உருவ முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, கைகளை ஊன்றி எழப் பார்த்து மறுபடியும் விழுந்தார். வண்டியின் முன்சக்கரம் வரப்பில் ஏறி, மூக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் இறங்கியது.

அக்கா எப்படி எழுந்தாள், எப்படி எட்டிப் பிடித்தாள் என்று நான் பார்க்கவில்லை. நான் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வரப்பில் ஏறத் திணறிய அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. எஞ்சின் சத்தம் நின்றதும் திரும்பினேன். மட்கார்டில் வயிறு படியக் கவிழ்ந்து தொங்கியபடி, எஞ்சினை அணைக்கிற கம்பியை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள். அணைந்த பிறகும் விடவில்லை.

யாருக்கும் காயமில்லை. பெரியம்மாவை இரண்டு பேர் தூக்கி வரப்பில் உட்கார வைத்தார்கள். அவர் திட்டவும் இல்லை, அழவும் இல்லை.

நான் அக்காவையே பார்த்தேன். இதோ சொல்லப் போகிறாள், என் தப்பு, என் தப்புதான் என்று காலில் விழுந்து அழப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். கரண்ட் போனதற்கும் டயர் வெடித்ததற்கும் சொன்னவள், உண்மையிலேயே தன் கையால் ஒன்று நடந்துவிட்ட அன்று அதைச் சொல்லவில்லை. சேற்றில் சிதறிக் கிடந்த நாற்று முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரப்போரம் அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்ததும் பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காலில் அப்பியிருந்த சேற்றைக் கையால் வழித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் செய்தி குவைத்துக்குப் போய்விட்டது. போனில் பெரியத்தான் குரல் எங்களுக்கும் கேட்டது. "வண்டிய வித்துரு. ஒன்னால முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்." மாமனார் பக்கத்திலிருந்து தலையாட்டினார். அக்கா போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். இடது தோள் நீலம் பாரித்திருந்தது.

"அந்தத் தம்பியை நாளைக்கு வரச் சொல்லு புள்ள."

"எதுக்குக்கா? விக்கச் சொல்றாங்கள்ல?"

"வித்தாலும் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் விக்கணும்." தோளைத் தடவிக்கொண்டாள். "எது நடந்தாலும் எம் மேல போட்டுக்கிட்டேன்ல. அப்படிச் சொல்லிட்டா அதுக்கு மேல யாரும் தேட வேண்டியதில்ல. நானும் தேடல. என் கை சரியில்லன்னு சொல்லிட்டே இருந்தேன். அந்தக் கிழவி செத்திருப்பா."

மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். வாசலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். கிளம்பியது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

"எறங்குங்க தம்பி" என்றாள் அக்கா. "நீங்க ஏறுனா எப்பவும் கெளம்புது. நான் ஏறுறேன். நீங்க கீழ நின்னு பாருங்க."

அவள் ஏறினாள். திருப்பினாள். கிளம்பியது.

மாமனார் நாற்காலியிலிருந்து, "அவ்வளவுதான், விடு" என்றார். அக்கா அணைத்தாள். மறுபடியும் திருப்பினாள், கிளம்பியது. மறுபடியும் அணைத்தாள். கிளம்பியது. இத்தனை மாதம் கிளம்ப வேண்டுமே என்று உயிரை விட்டவள், அன்றைக்குக் கிளம்பக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன்.

எலக்ட்ரீஷியன்தான் கேட்டார். எரிச்சலோடு இல்லை, உண்மையாகவே யோசித்துக் கேட்டார்.

"வாசல்ல கெளம்புது. வயல்ல கெளம்பலங்கிறீங்க. வயல்ல என்னக்கா வேற மாதிரி?"

"சேறு" என்றாள். அப்புறம், "நாலு பேர் பாப்பாங்க, எனக்குப் படபடப்பா இருக்கும்" என்றாள். அப்புறம் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்தி, "வயல்ல செருப்புப் போட மாட்டேன் தம்பி" என்றாள்.

அவர் சிரிக்கப் போனார். சிரிக்கவில்லை. அவள் காலைப் பார்த்தார். கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்த அந்தக் காலில் தடித்த அடிப்பாகம் உள்ள ரப்பர் செருப்பு.

"கழட்டுங்க."

கழற்றினாள். வெறுங்காலை நீட்டி நுனிவிரலால் கிளட்ச்சை மிதித்தாள். சாவியைத் திருப்பினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

அந்த நிசப்தத்தைப் போல ஒன்றை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை. எலக்ட்ரீஷியன், "சாவியிலேருந்து கைய எடுக்காதீங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிக்கொண்டே டெஸ்ட் லைட்டை எடுத்தார். ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாருக்குப் போகிற மெல்லிய வயரில் வைத்தார். பல்பு எரியவில்லை. "இங்க கரண்டே வரல. அப்ப மோட்டார் என்ன பண்ணும்?" என்றார். வயரைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனார். சாவிக்குப் பின்னால் வைத்தார், எரிந்தது. கிளட்ச் மிதிக்கு அடியில் விரல் பருமனில் ஒரு ஸ்விட்ச் சேறு மூடிக் கிடந்தது. அதற்குள் போகிற வயரில் வைத்தார், எரிந்தது. வெளியே வருகிற வயரில் வைத்தார், எரியவில்லை.

குனிந்தவாக்கில், அக்காவின் காலுக்கு மேல் தன் கையை வைத்து மிதியை இன்னும் ஒரு விரல்கடை அமுக்கினார். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். பல்பு எரிந்தது. அதே கணம் செல்ஃப் சுழன்று எஞ்சின் கிளம்பியது. அக்கா பயந்து "ஐயோ" என்று சாவியை விட்டாள்.

கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும்படி அந்த ஸ்விட்ச்சை வைத்திருக்கிறார்கள். வண்டி கியரில் இருக்கும்போது தெரியாமல் கிளப்பிப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். அதைப் பிடித்திருக்கிற தகடு எப்போதோ வளைந்து ஸ்விட்ச் கீழே தள்ளிப்போயிருந்தது. கால் நீளமானவர்கள் தரையோடு மிதித்ததில் அது யாருக்கும் தெரியவில்லை. சீட்டு வேறு பெரியத்தான் உட்கார்ந்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. செருப்புப் போட்ட அக்காவுக்கு மட்டுமட்டாக எட்டியது. வெறுங்கால் அக்காவுக்கு எட்டவில்லை.

எலக்ட்ரீஷியன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு தடவையும் நானே ஏறி உக்காந்தேன் பாருங்க" என்று தலையைச் சொறிந்தார். பிறகு எழுந்து உற்சாகமாக, "ரெண்டு வயரையும் சேத்துக் கட்டிடுறேங்க்கா. இந்த ஸ்விட்ச்சே வேண்டாம். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க. அப்புறம் எப்பவும் நிக்காது" என்றார்.

"வேண்டாம் தம்பி."

"ஒரு பயமும் இல்லக்கா."

"பயம் இருக்கணும்" என்றாள் அக்கா. "ஸ்விட்ச்ச மேல தூக்கி வைங்க. சீட்ட முன்னாடி தள்ளுங்க. அது ரெண்டும் போதும்."

சீட்டுக்குக் கீழே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்த மத்தியானம் ஆகிவிட்டது. அன்று பெரியத்தான் போன் செய்தபோது அக்கா முற்றத்திலேயே உட்கார்ந்து பேசினாள். சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. விற்பதைப் பற்றி அவர் மறுபடியும் எடுத்திருக்க வேண்டும். "இன்னும் அரை வயல் பாக்கி இருக்கு. அது முடியட்டும், பேசிக்கலாம்" என்றாள். வேறு எதையும் விளக்கவில்லை.

மறுநாளே வயலில் இறங்கினாள். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மதகில் மட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. நடவுக்கு ஆட்கள் வந்தார்கள். பெரியம்மாவும் வந்தார். வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் வரப்பில் வந்து நின்றவர் வயலில் இறங்கவில்லை. மூன்றாவது வயலில் வண்டி சேறடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வயலில் விட்ட இடத்திலிருந்து நட வேண்டும். மற்றவர்கள் இறங்கிக் கூப்பிட்டார்கள்.

"அது ஓடுற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவேன் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

நான் போய் அக்காவிடம் சொன்னேன். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டினேன். அவள் வரப்பைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள், மதகைப் பார்த்தாள். வயலில் கால்வாசிக்கு மேல் பாக்கி இருந்தது. அவர்கள் அந்தப் பக்கத்தை நட்டு முடிக்கிறவரை நிறுத்தினால், மறுபடியும் கிளப்பியாக வேண்டும். நடுச்சேற்றில், வெறுங்காலோடு, இத்தனை பேர் பார்க்க.

கியரை எடுத்தாள். எடுத்துவிட்டதை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்தாள்.

பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். நடவு நடந்தது. அக்கா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. சீட்டில் உட்கார்ந்து, மதகையும் நடுகிறவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன சோற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. வெயில் ஏறி இறங்கியது. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். இது இப்போது கிளம்பவில்லை என்றால் இவள் இனிமேல் எதற்கும் எழுந்திருக்க மாட்டாள்.

பெண்கள் வரப்போரத்தை நட்டு முடித்துத் தூரமாகத் தள்ளிப் போயிருந்தார்கள். அக்கா கியரை மறுபடியும் ஆட்டிப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள். சாவியில் கையை வைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாரும் முன்னால இல்லீல்ல?"

குனிந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார். தனக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "போடு."

அக்கா வெறுங்காலால் மிதித்தாள். வண்டி கிளம்பியது. அவள் உடனே நகர்த்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, முகம் அந்தப் பக்கம் இருந்தது. பெரியம்மா குனிந்து அடுத்த நாற்று முடியை எடுத்தார். அக்கா கியரைப் போட்டாள். மதகில் தண்ணீர் நிற்பதற்குள் மீதி வயலை முடித்துவிட்டாள்.